பதிமூன்றும் பதினான்கும்

ஜூன் 9

இந்த டைரி விற்பனைக்கு ஆகாதது. பைண்டிங்கில் யாரோ தூங்கிவிட்டார்கள். பிப்ரவரி இரண்டு முறை வருகிறது, மார்ச்சைக் காணோம். கழித்துப் போட்ட கட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்தேன். எனக்கு ஜூனிலிருந்துதானே வேண்டும்.

எழுதும் பழக்கம் எனக்கு இல்லை, திருத்தும் பழக்கம்தான் உண்டு. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கிறேன். தினசரித் தாளில் ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஊரே நல்ல நேரம் பார்த்துத்தான் வாசலைத் தாண்டுகிறது. அந்த நல்ல நேரத்தில் எத்தனை தப்பு இருந்தது, யார் திருத்தியது என்று யாரும் கேட்பதில்லை.

இன்று சுகந்தி போன் செய்தாள். என் தம்பி ரத்தினவேலின் மனைவி. நாலரை வருடத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்கிறேன். "மதினி" என்றாள், பிறகு அழுகைதான். போனைப் பிடுங்கி வேறு யாரோ பேசினார்கள். தம்பிக்கு ரத்தப் புற்றுநோயாம். காய்ச்சல், ஈறில் ரத்தம் என்று போனவனைச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்தேன்.

ஜூன் 11

சென்னை. என் வீட்டுக்காரர் குணசீலனும் வந்தார். அதே கம்பெனியில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். பேச்சு குறைவு, சாப்பாடு அதிகம், கோபம் வந்தால் வேட்டியை உதறுவார். அவ்வளவுதான் அவர் கோபம்.

தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். முகம் சுண்ணாம்பு அடித்தது போல் இருந்தது.

"என்னக்கா, இப்படி வாடிப் போய் வந்திருக்க? நான் ஏசியில இருக்கேன். நீதான் பேஷண்ட் மாதிரி இருக்க" என்றான்.

"வாயை மூடுடா" என்றேன். அவன் சிரித்தான். ஈறில் கருப்பாக ரத்தம் ஒட்டியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாலரை வருடம் பேசாததற்குக் காரணத்தை எழுதித்தான் வைக்கிறேனே. சுகந்தியின் வளைகாப்பில் நான் வளையல் போடப் போனேன். நாத்தனார் போடாமல் யார் போடுவது? அவள் அம்மா என் கையிலிருந்த வளையலை மெதுவாக வாங்கிக்கொண்டு, "நீ அப்புறமா போடலாம் தாயி" என்றார். எனக்கு அதற்குள் மூன்று முறை கரு தங்காமல் போயிருந்தது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். தம்பி பார்த்துக்கொண்டு நின்றான். அன்று சாப்பிடாமல் பஸ் ஏறியவள், அதன் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை.

அவன் மகள் மிருதுளாவை இன்றுதான் முதல்முறை பார்த்தேன். நாலு வயது. சுகந்தியின் சேலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

"உங்கப்பாவை அடிச்சு வளர்த்தவ" என்றேன்.

யோசித்தாள். "இப்பவும் அடிப்பீங்களா?"

"குணமாகட்டும், அடிக்கிறேன்."

ஜூன் 13

டாக்டர் பெயர் நஸ்ரீன். சின்ன உருவம், வேகமான நடை. மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அது நோயை அடக்கும், ஆனால் அது மட்டும் போதாதாம். பிறகு வேறொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்ற வேண்டும். ரத்தம் உண்டாக்கும் விதை செல் என்று விளக்கினார். கொடுப்பவரின் செல்லும் வாங்குபவரின் செல்லும் பொருந்த வேண்டும். கூடப் பிறந்தவர்களுக்கே நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு.

கூடப் பிறந்தது நான் ஒருத்திதான். ரத்தம் கொடுத்தேன். ஊசி குத்தின இடத்தைச் சுகந்தி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

ஜூன் 24

பொருந்திவிட்டது. பத்துக்குப் பத்து என்றார் டாக்டர்.

"எங்க ஊர்ல பத்துப் பொருத்தமும் பொருந்துன கல்யாணமே கிடையாது டாக்டர்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் "நமக்கு ஆறு" என்றார். இதை இத்தனை வருடம் என்னிடம் சொல்லவே இல்லை.

ஜூலை 3

இன்று நல்ல நாள் என்று எங்கள் காலண்டரில் நானே பார்த்து விட்டிருக்கிறேன். சுபமுகூர்த்தம்.

தம்பியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களைச் சோதித்த முடிவு வந்தது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நாற்பத்தாறு குரோமோசோம் இருக்குமாம், நம்பர் போட்டு, ஜோடி ஜோடியாக. தம்பியின் செல்களில் மூன்று கோளாறு. எட்டாம் நம்பர் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று, இந்த டைரியின் பிப்ரவரி மாதிரி. இருபதாம் நம்பரில் ஒரு துண்டைக் காணோம். பதிமூன்றும் பதினான்கும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஆளாக நிற்கின்றன.

"ஒண்ணு ரெண்டுன்னா சமாளிக்கலாம்மா" என்றார் டாக்டர். "மூணு சேர்ந்துட்டா நோய் ரொம்ப முரட்டுத்தனமா இருக்கும். ஸ்டெம் செல் மாத்தினாலும் திரும்பி வர்ற வாய்ப்பு அதிகம். மாத்தாம விட்டா அதைவிட மோசம். அதனால மாத்தத்தான் போறோம். ஆனா நம்பிக்கையை அளவா வச்சுக்கங்க."

அளவாக நம்பிக்கை வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உப்பு என்றால் அளவாகப் போடலாம்.

தம்பியிடம் டாக்டரே சொன்னார். அவன் கேட்டுவிட்டு, "எட்டு என் ராசி நம்பர்னு சுகந்தி அடிக்கடி சொல்லுவா. ஒண்ணு எக்ஸ்ட்ராவே வச்சிருக்கேன் பாருங்க" என்றான். டாக்டர் சிரிக்கவில்லை. சுகந்தி வெளியே போய்விட்டாள்.

ஜூலை 4

துணி துவைத்தேன். பக்கெட்டில் கைப்பிடி இல்லை.

ஜூலை 9

இவர் ஊருக்குப் போய்விட்டார். சீசன் வேலை ஆரம்பித்துவிட்டது, இருவருமே இல்லாவிட்டால் முதலாளி என்ன செய்வார்? என் புரூஃபையும் தானே பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆண்டவன் காப்பாற்றட்டும், ஐப்பசிக்கு முப்பத்திரண்டு தேதி போட்டாலும் விட்டுவிடுவார்.

நானும் சுகந்தியும் குழந்தையும் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரே அறையில் இருக்கிறோம். அவள் சமைக்கிறாள், நான் பாத்திரம் கழுவுகிறேன். தேவையானதைத்தான் பேசிக்கொள்கிறோம். "உப்புப் போதுமா மதினி?" "போதும்." இன்று துணி மடிக்கும்போது அவள் பைக்குள் சின்னச் சிவப்புப் பட்டுத் துணியில் முடிந்த எதுவோ இருந்தது, கரு தங்குவதற்குக் கட்டும் கருக்காவல் கயிறு மாதிரி. எனக்கு என் மாமியார் கட்டிவிட்டதும் அப்படித்தான் இருக்கும். மிருதுளா பிறந்து நாலு வருடமாகிறது, இன்னும் எதற்கு வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. கேட்கவில்லை. எனக்கென்ன?

ஜூலை 22

மருந்து வேலை செய்திருக்கிறது. மறுபடி மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். நோய் செல் கண்ணுக்குத் தெரியவில்லை. கூடுதல் எட்டு போய்விட்டது. துண்டு குறைந்த இருபதும் இல்லை. நான் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு, "இருங்க" என்றார்.

ஒட்டிய பதிமூன்றும் பதினான்கும் மட்டும் போகவில்லை. பார்த்த செல்லில் எல்லாம் இருக்கிறது.

"மாத்துற நேரத்துல கோளாறான செல் மிச்சம் இருந்தா, மாத்தினதோட பலன் குறைஞ்சிடும். எனக்கு அதுதான் பயம்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா ஒண்ணு இடிக்குது. நோய் செல்லெல்லாம் அழிஞ்ச பிறகு வளர்ந்திருக்கிற நல்ல செல்லு இது. அதுல ஒண்ணு விடாம எல்லாத்துலயும் எப்படி இருக்கும்? ஒருவேளை இது நோயோட வந்ததே இல்லாம இருக்கலாம். பிறக்கும்போதே இருந்ததா இருக்கலாம். அப்படின்னா இதைக் கணக்குலயே சேர்க்கக் கூடாது."

"எப்படித் தெரியும்?"

"உங்க தம்பியோட தோல்ல கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம். உங்க ரத்தத்தையும் பார்ப்போம். உங்களுக்கும் இருந்தா, குடும்பத்துல வர்றது."

மறுபடி ரத்தம் கொடுத்தேன். கோயிலுக்குப் போய், எனக்கும் அந்தக் கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அந்தச் சாமி முதல்முறை கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. ஊரில் இன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிடும் நாள். எங்களுக்கு இதுதான் வருடப் பிறப்பு. ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் லீவு போட்டவள் போல நானும் சிவகாசிக்கு வந்து நின்றுவிட்டேன். கம்பெனியில் பூஜை, சுண்டல், புது ஆல்பத்தில் சந்தனம். எல்லோரும் தம்பியைப் பற்றிக் கேட்டார்கள், நல்லாயிருக்கான் என்றேன்.

மேஜையில் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்ட புரூஃப் இருந்தது. ஐப்பசிக்கு முப்பத்திரண்டு இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு பிரதோஷம். நம்மூர் பக்தர்களுக்கு அது போனஸ் என்கிறார்.

ஆகஸ்ட் 8

எனக்கும் இருக்கிறது.

டாக்டர் அறைக்குள் போனதும், நாற்காலியில் உட்காரும் முன்பே சொன்னார். தம்பியின் தோலிலும் இருக்கிறது, என் ரத்தத்திலும் இருக்கிறது. அதே பதிமூன்று, அதே பதினான்கு. பிறவியிலேயே வந்தது. நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

"மூணு இல்லம்மா, ரெண்டுதான். அந்த ரெண்டும் மருந்துல போயிடுச்சு. இப்ப நான் வேற கணக்குப் போடுறேன். உத்தரவாதம் தர மாட்டேன், திரும்பி வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா போன மாசம் சொன்ன மாதிரி சொல்ல மாட்டேன்."

சுகந்தி மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். எனக்குக் கோளாறு என்றதும் இவ்வளவு சந்தோஷப்பட்ட பேஷண்டை டாக்டர் பார்த்திருக்க மாட்டார். நான் கொடுப்பதற்கும் தடை இல்லை என்றார். ரத்தம் உண்டாக்க அது குறுக்கே வராதாம்.

பிறகு டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்களுக்குக் குழந்தைங்க?" என்றார்.

"இல்லை."

"தரிக்கவே இல்லையா? இல்ல தரிச்சு..."

"தரிச்சது. நாலு தடவை. தங்கலை."

அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். எனக்கு அந்தப் படம் வேண்டியிருக்கவில்லை, கம்பெனியில் பார்த்ததுதான். மை காயாத இரண்டு தாள் சில நேரம் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வரும். எண்ணினால் ஒன்று குறையும். ஆனால் எந்தத் தேதியும் காணாமல் போயிருக்காது. அப்படித்தான் நான். நாற்பத்தைந்துதான் எண்ணிக்கை, ஆனால் என்னிடம் எல்லாத் தாளும் இருக்கிறது. பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. ஒட்டியதைப் பிரித்துப் பாதி எடுக்கும்போதுதான் சிக்கல். சில நேரம் ஒன்று கூடுதலாகப் போய்விடும், சில நேரம் குறைந்துவிடும். அந்தக் கரு நிற்காது. சில நேரம் சரியாகவே போய்ச் சேரும். எனக்கு அது நாலு முறையும் வாய்க்கவில்லை.

"நீங்க எதுவும் தப்பா செய்யலை. படி ஏறினது, தூக்கினது, சாப்பிட்டது, எதுவும் காரணம் இல்லை" என்றார்.

"சரிங்க டாக்டர்" என்றேன்.

எங்களுக்கு இது அம்மாவிடமிருந்து வந்ததா அப்பாவிடமிருந்து வந்ததா தெரியாது. இருவரும் இப்போது இல்லை. எனக்கும் தம்பிக்கும் நடுவே ஏழு வருட இடைவெளி. அந்த ஏழு வருடத்தில் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லை.

நான் எழுந்து வந்த பிறகும் சுகந்தி வெளியே வரவில்லை. கதவு இடுக்கில் பார்த்தேன், டாக்டரிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் தலையை ஆட்டினார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

தம்பி பிழைக்க வழி வந்துவிட்டது. இன்று எழுத வேண்டியது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9

கத்தரிக்காய் வாங்கப் போனேன். வாங்கிவிட்டு எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர், "எறங்கலையாம்மா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

மாமியாரை நினைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் முன்பு இறந்துபோனார். எனக்காக இருக்கன்குடி கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தவர். ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அதனால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுக்களையிலேயே கிடந்தேன். யார் தப்பும் இல்லை அத்தை என்று அவரிடம் சொல்லியிருக்கலாம்.

இவரிடம் போனில் சொன்னேன். போனைக் கீழே வைத்து எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சாயங்காலம் என்ன சமையல்?" என்றார். அழுதிருக்கிறார், குரலில் தெரிந்தது. "கத்தரிக்காய்" என்றேன்.

ஆகஸ்ட் 14

தம்பிக்கு இரண்டாவது சுற்று மருந்து முடிந்தது. தலையில் ஒரு முடி இல்லை. மிருதுளா வீடியோவில் பார்த்து, "அப்பா பாப்பா ஆயிட்டாங்க" என்கிறாள்.

சுகந்தி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "மதினி, அந்த ஒட்டுன விஷயம் நம்மளோட இருக்கட்டும். எங்க அம்மா வீட்டுக்குத் தெரிய வேண்டாம்."

"ஏன்?"

"பாப்பாவுக்கும் இருக்கலாமாம். நாளைக்கு யார் பொண்ணு கேட்டு வருவாக?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினாறு வருடமாக என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்த பேச்சுக்கு இப்போதுதான் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அதையும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள் என்கிறாள். எந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டுமோ அந்த அம்மாவுக்கே தெரியக் கூடாதாம். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அப்போது மிருதுளா தயிர்ச்சோற்றை முகமெல்லாம் பூசிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சரி, சொல்லலை" என்றேன். திரும்ப உட்கார்ந்து சாப்பிட்டேன். காரம் கூடுதல்.

செப்டம்பர் 11

எனக்கு ஊசி போடுகிறார்கள், ஸ்டெம் செல் ரத்தத்துக்குள் இறங்கி வருவதற்காக. எலும்பெல்லாம் குத்துகிறது. இடுப்பை யாரோ முறுக்கிப் பிழிவது போல. இவர் லீவு போட்டு வந்து காலை அமுக்கிவிடுகிறார். இவ்வளவு சேவை கிடைக்கும் என்றால் முன்பே வருடம் ஒருமுறை செல் கொடுத்திருப்பேன் என்றேன்.

சுகந்தியின் அம்மா போன் செய்தாராம். செல் ஏற்றும் நாள் அஷ்டமி, தள்ளிப்போட முடியாதா என்று. சுகந்தி என்னைப் பார்த்தாள்.

"அஷ்டமி போட்டது யாரு? நான்தானே. எனக்கு அதுல ஒண்ணும் ஆட்சேபணை இல்லேன்னு சொல்லு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நாலரை வருடத்தில் என் பேச்சுக்கு அவள் சிரித்தது இன்றுதான்.

செப்டம்பர் 14

மெஷினில் என் ரத்தம் ஒரு கையிலிருந்து போய் மறு கைக்குத் திரும்பியது. அரை நாள் அசையாமல் கிடந்தேன். மூக்கு அரித்தது, சுகந்திதான் சொறிந்துவிட்டாள்.

தம்பிக்கு ஒரு சின்னப் பையில் ஏற்றினார்கள். தக்காளி ரசம் நிறம். இதற்குத்தானா இவ்வளவு என்று தோன்றியது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவன் பையைக் காட்டி, "அக்கா, இனிமே எனக்கும் உன் வாய் வந்திருமா?" என்று சைகையில் கேட்டான்.

செப்டம்பர் 23

வெள்ளை அணு பூஜ்யம். வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. காய்ச்சல். என் செல் அவன் எலும்புக்குள் போய் ஊன்ற வேண்டும், அதன் பிறகுதான் அணு ஏறும். இன்னும் ஊன்றவில்லை.

கம்பெனிக்குப் போகாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது. திருத்த எதுவும் இல்லை.

செப்டம்பர் 27

இன்றும் ஏறவில்லை. இன்னும் சில நாள் பார்க்கலாம், சிலருக்குத் தாமதமாகும் என்கிறார் டாக்டர். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் மிருதுளா தூங்கிக்கொண்டிருந்தாள். சுகந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், திடீரென்று கீரையைக் கீழே போட்டாள்.

"மதினி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது. உங்க மனசு ஆறிடுச்சா?"

"என்னது?"

"எங்க அம்மா அன்னைக்குச் செஞ்சது. உங்க மனசுல இன்னும் இருக்கா? இருந்தா நான் கால்ல விழுறேன். அதனாலதான் உங்க செல்லு அவர் உடம்புல ஊன மாட்டேங்குதோன்னு..."

அவள் நிறுத்தவே இல்லை.

"பாப்பாவுக்கு அப்புறம் எனக்கு ரெண்டு போச்சு மதினி. ஒண்ணு மூணாம் மாசம். ஒண்ணு அஞ்சாம் மாசம். உங்க தம்பியைத் தவிர யாருக்கும் தெரியாது. எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உங்களை உக்கார வச்ச இடத்துல என்னையும் உக்கார வச்சிருவாகளோன்னு பயம். நீங்க அன்னைக்குச் சாப்பிடாம எந்திரிச்சுப் போனீங்கள்ல, அந்த வயித்தெரிச்சல்தான் எனக்குப் பலிச்சிருச்சுன்னு நினைச்சேன். இத்தனை நாளா அப்படித்தான் நினைச்சேன். அதான் உங்களுக்குப் போன்கூடப் பண்ணலை. திமிரு இல்ல மதினி, பயம்."

"டாக்டர்ட்ட அன்னைக்கு என்ன கேட்ட?"

"ஆம்பளைக்கு அந்த ஒட்டு இருந்தாலும் பொம்பளைக்குக் கரு தங்காமப் போகுமான்னு. போகும்னாக." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "புத்திக்குத் தெரியுது மதினி, சாபமெல்லாம் இல்லேன்னு. ஆனா அணு கவுண்ட் ஏற மாட்டேங்குதே."

அவளை அடிக்கலாம்போல் இருந்தது. கட்டிக்கொள்ளலாம்போலவும் இருந்தது.

"லூசு" என்றேன். "நான் அன்னைக்குப் பஸ்ஸுல அழுதுட்டே போனேன். உன்னைத் திட்டலை. உங்கம்மாவைத் திட்டினேன், அதுவும் பாதி வழி வரைக்கும்தான். அதுக்கப்புறம் தூங்கிட்டேன். என் சாபத்துக்கு அவ்வளவு சக்தி இருந்தா எங்க முதலாளி எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பாரு."

சிரிப்பும் அழுகையுமாக அவள் என் மடியில் சாய்ந்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஐந்தாம் மாதம் போனது பையனா பொண்ணா என்று கேட்டேன். பொண்ணு என்றாள். என்னுடைய மூன்றாவதும் பொண்ணு. இருந்திருந்தால் இப்போது ஐந்தாம் வகுப்பு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இவரிடம்கூட. எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பேன் என்று சுகந்தி கேட்டாள். சொன்னேன். அவளும் அவளுடையதைப் பற்றிச் சொன்னாள். பிள்ளை பெற்ற பொம்பளைகள் உட்கார்ந்து பேசுவது போல, கீரையை மறந்துவிட்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் கீரை வாடிவிட்டது. ரசம் வைத்தோம்.

செப்டம்பர் 30

ஏறுகிறது! கொஞ்சம்தான். ஆனால் ஏறுகிறது.

அக்டோபர் 12

தம்பியை அறைக்கு அழைத்து வந்துவிட்டோம். எல்லோருக்கும் முகமூடி. மிருதுளாவை இவர் ஊருக்குக் கூட்டிப் போயிருக்கிறார், அவனுக்குத் தொற்று வரக் கூடாதே. அங்கே கம்பெனியில் போய்க் கழிவுத் தாளில் படம் வரைகிறாளாம். இவர் ஒரு நாளைக்கு ஆறு போட்டோ அனுப்புகிறார். எல்லாவற்றிலும் இவர் வேட்டியில் கலர் பென்சில் கோடு.

தம்பி இன்று என்னிடம், "அன்னைக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்க்கா" என்றான்.

"திறக்கலையே" என்றேன். பொய்யாக எதற்கு ஆறுதல்? பிறகு அவனுக்கு இட்லியைப் பிய்த்து ஊட்டினேன். வாய்ப்புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. அதனால் அழும்போது அவனுக்கு வலித்தது.

அக்டோபர் 29

மஜ்ஜை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரமாகும். நோய் திரும்பியிருந்தால் அந்தக் கூடுதல் எட்டும் அறுந்த இருபதும் தெரியும் என்றார் டாக்டர். மறுபடி ஏற்றுவதற்கு இன்னொரு அக்கா அவனுக்கு இல்லை.

நவம்பர் 1

தரை துடைத்தேன். நேற்றும் துடைத்தேன்.

நவம்பர் 6

டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேரும். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எல்லா செல்லும் பெண் செல். அக்காவோடது முழுசா ஊன்றிடுச்சு. உங்க பழைய செல் ஒண்ணுகூடத் தெரியலை ரத்தினவேல்."

"எட்டு?" என்றேன்.

"ரெண்டே ரெண்டு. சரியா இருக்கு."

"இருபது?"

"முழுசா இருக்கு."

சுகந்தி எழுந்து நின்றுவிட்டாள். "டாக்டர், அந்தப் பதிமூணும் பதினாலும்? ஒட்டினது?"

"அது இருக்கும்மா. எல்லா செல்லுலயும் இருக்கு. கொடுத்தவங்களுக்கும் இருக்கே."

ஜூலையில் இதே வார்த்தையைக் கேட்டு நாங்கள் எப்படி உட்கார்ந்திருந்தோம் என்று எனக்குத்தான் தெரியும். சுகந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். "இருக்கட்டும் டாக்டர், அது எங்க வீட்டுது" என்றாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும், இரண்டு வருடம் கவனமாக இருக்க வேண்டும், பயம் முழுதாகப் போக நாளாகும் என்றெல்லாம் டாக்டர் சொன்னார். மிருதுளாவுக்கு இருக்கிறதா என்று இப்போது பார்க்க வேண்டாம், வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினோம்.

வெளியே வராந்தாவில் தம்பியை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். சுகந்தி கொஞ்சம் தள்ளி நின்று அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். முதலில் நல்ல செய்தியைச் சொன்னாள். பிறகு குரலைத் தணிக்காமல், போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இன்னொண்ணு கேளும்மா. மதினிக்கு ஏன் தங்கலைன்னு இப்பத் தெரிஞ்சிருச்சு. பிறவியிலயே அவங்க குடும்பத்துல வர்ற ஒண்ணு. உன் மாப்பிள்ளைக்கும் இருக்கு. பாப்பாவுக்கும் இருக்கலாம். எனக்கும் ரெண்டு போச்சும்மா... ஆமா, எனக்குத்தான். பாப்பாவுக்கு அப்புறம். உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு... இல்லம்மா, அழாத. யார் கண்ணும் இல்ல, யார் சாபமும் இல்ல. இந்தா, மதினிட்டக் குடுக்குறேன், பேசு."

நான் வேண்டாம் என்று கை காட்டினேன். அவள் போனை என் காதிலேயே வைத்துவிட்டாள்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. இந்த அம்மாவிடம் சொல்வதற்கென்று நான் நாலரை வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எத்தனையோ.

"சாப்டீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"நான் கெடக்கேன். நீ சாப்டியா தாயி?" என்றார். குரல் உடைந்திருந்தது. "ஒவ்வொண்ணா போனப்போ ஒருவாட்டி உன்ட்ட இதைக் கேட்டிருக்கலாமே நான்."

"இன்னும் சாப்பிடலை அத்தை" என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன். தம்பி எழுந்து வந்து, முகமூடியோடு, என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றான்.